நாக்கில் ஒட்டும் எலும்பு

அத்தியாயம் 9

எடிசனிலிருந்து மான்மவுத் ஜங்ஷனுக்கு அரை மணி நேரப் பாதை. 2003 பிப்ரவரியின் அந்த ஞாயிற்றுக்கிழமை நஞ்சுண்டன் அதை அரை நாளாக ஓட்டினான். ரோடு எது, ரோட்டோரப் பள்ளம் எது என்று தெரியாதபடி பனி மூடியிருந்தது. வைப்பர் ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் வந்து அப்பிக்கொண்டது.

"பாஸ், நாம போறது ரோடுதானா?"

"முன்னாடி போற வண்டியோட லைட்டைப் பாத்துப் போ."

"அது வண்டி இல்ல பாஸ். யார் வீட்டு வாசல்லயோ வச்ச கிறிஸ்துமஸ் மான். இன்னும் கழட்டல."

தஸ்னீம் சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்துவிட்டு, இப்போது ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு நகைக்கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறவள். அவள் சிரிக்காவிட்டால் மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம். நஞ்சுண்டன் வேலை போன சாப்ட்வேர் டெஸ்டர். ப்ரோக்ராமில் தப்பு கண்டுபிடித்தவன், இப்போது மனிதர்களிடம் கண்டுபிடிக்கிறான். சம்பளம் குறைவு. வாய் மட்டும் குறையவில்லை.

காலையில் வந்த போன் இன்னும் தஸ்னீமின் காதில் இருந்தது. மானஸா என்ற பெண். அழுகை பாதி, பேச்சு பாதி.

"நான் திருடல மேடம். ஆனா சாயங்காலம் போலீஸ் வந்துடுவாங்க. ப்ளீஸ் அதுக்குள்ள வாங்க."

அவர்கள் போய்ச் சேர்ந்த ஹாலோவே மியூசியம் ஒரு பணக்காரரின் சொந்தச் சேகரிப்பு. அவர் குளிருக்குப் பயந்து ப்ளோரிடாவில் இருந்தார். இங்கே எல்லாம் அச்சுதன் பொறுப்பு. ஐம்பது வயதுக்கு மேல், இஸ்திரி கலையாத சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள்தான் மானஸா. சென்னைப் பெண். இரவெல்லாம் அழுத முகம்.

திருட்டுப் பட்டம் கட்டிய பிறகும் காபி கலந்து தரும் வேலை மட்டும் அவளிடமே இருந்தது. கப்பை நீட்டினாள்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? இடது கையால குடுக்காதே," என்றார் அச்சுதன்.

மானஸா கையை மாற்றினாள். காபி கொஞ்சம் சிந்தியது. அச்சுதன் வாங்கி, தலையை அண்ணாந்து, கப்பின் விளிம்பு உதட்டில் படாமல் உயர்த்தி ஊற்றிக்கொண்டார்.

நஞ்சுண்டன் வியந்து பார்த்தான். "அங்கிள், பேப்பர் கப்புலயே இப்படி ஊத்தறீங்களே, சர்க்கஸ்ல இருந்தீங்களா?"

"எச்சில் பண்ணிக் குடிச்சுப் பழக்கம் இல்லப்பா."

"இதையாவது எடுத்துக்கோங்க." நஞ்சுண்டன் கோட்டுப் பையிலிருந்து ஒரு பாக்கெட் மார்ஷ்மெல்லோ எடுத்தான். பனியில் மாட்டிக்கொண்டால் உயிர் வாழ்வதற்காக அவன் வாங்கி வந்திருந்த ஒரே உணவு அது.

அச்சுதன் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அதுல ஜெலட்டின் இருக்கு. எலும்பை வேகவச்சு எடுக்கறது. எங்க வீட்டு வாசப்படியே தாண்டாது."

பாக்கெட் தஸ்னீம் பக்கம் திரும்பியது. அவளும் தலையசைத்தாள். "ஹலால் இல்ல."

"ஒரே பாக்கெட்டை ரெண்டு பேர் ரெண்டு சாமி பேரைச் சொல்லி ரிஜெக்ட் பண்ணிட்டீங்க. எனக்கு மட்டும்தான் மிச்சம்," என்று நஞ்சுண்டன் இரண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

"விஷயத்துக்கு வருவோம் சார். என்ன காணோம்?" என்றாள் தஸ்னீம்.

அச்சுதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடங்களில் பேசிப் பழகிய குரல்.

"கனடாவோட வடக்குக் கோடியில ஒரு தீவு. மண்ணெல்லாம் வருஷம் பூரா உறைஞ்சிருக்கும். அங்க தோண்டினதுல இனுயிட் ஜனங்களோட பழைய வீடு ஒண்ணு கிடைச்சுது. திமிங்கில எலும்பால கூரை போட்ட வீடு. உள்ள எலும்புல செஞ்ச கருவிங்க. ஊசி, ஈட்டி முனை, எல்லாம் எழுநூறு வருஷம் பழசு. இத்தனை நாள் இங்க இருந்துது. நாளைக்கு அந்த ஊர் ஜனங்ககிட்டயே திருப்பிக் குடுக்கறோம். வாங்கிக்க ஒரு அம்மா வந்து மோட்டல்ல தங்கியிருக்காங்க."

"அதுல எது காணோம்?"

"தோல் சுரண்டி. பொம்பளைங்க சீல்ங்கற கடல் மிருகத்தோட தோலைச் சுரண்டறதுக்கு வச்சிருந்தது. விரல் வைக்கக் குழி குழியாச் செதுக்கி இருக்கும். இருக்கறதுலயே உசத்தி அதுதான். இப்ப ட்ரேல அது இருக்கற எடத்துல பிளாஸ்டிக் காப்பி இருக்கு."

"ஒரிஜினல் கடைசியா எப்ப இருந்தது?"

"வெள்ளிக்கிழமை சாயந்திரம். நானே டெஸ்ட் பண்ணேன். பழைய எலும்புல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நிறைய இருக்கும். நாக்குல வச்சா கவ்விப் பிடிச்சுக்கும். பிளாஸ்டிக் பிடிக்காது. தோண்டற எடத்துல எல்லாரும் பண்றதுதான். நானும் நாக்குல வச்சுப் பாத்தேன். பசை போட்ட மாதிரி ஒட்டிச்சு. அப்புறம் சனிக்கிழமை அந்த ரூம்ல பேக்கிங் பண்ணது இந்தப் பொண்ணு மட்டும்தான். இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

மானஸா உதட்டைக் கடித்துக்கொண்டாள். தஸ்னீம் அச்சுதனையே பார்த்தாள்.

"ரூமைப் பாக்கலாமா?"

*

அறை நிலவறையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. பழைய எலும்புக்குச் சூடும் ஆகாது, வறட்சியும் ஆகாது என்பதால் உள்ளே ஈரமான குளிர். குகைக்குள் நுழைந்தது போல இருந்தது. சுவர் முழுக்கத் தட்டுகள். கதவு மட்டும் பாங்க் லாக்கர் கதவு போல இரும்பு.

மூவரும் உள்ளே போனார்கள். அச்சுதன் வாசலிலேயே நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க. ஓனர் ஆர்டர். போலீஸ் வர்ற வரைக்கும் இங்கேர்ந்து எதுவும் வெளிய போகக் கூடாது. யாரும்தான்."

தஸ்னீம் திரும்புவதற்குள் கதவு மூடிக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம். அப்புறம் படிகளில் ஏறும் செருப்புச் சத்தம். அதுவும் நின்றது.

நஞ்சுண்டன் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினான். குத்தினான். தோளால் இடித்தான். தோளைத் தடவிக்கொண்டே திரும்பினான்.

"பாஸ், பூட்டிட்டாரு."

"தெரியுது."

"செல்போன்ல சிக்னல் இல்ல."

"தெரியுது."

"எனக்கு பாத்ரூம் வருது."

"அது தெரிய வேண்டாம்."

அந்த நேரம் பார்த்து விளக்கு அணைந்தது. பனியின் பாரத்தில் எங்கேயோ மின்கம்பி அறுந்திருக்க வேண்டும். கூரை மூலையில் ஒரு சின்ன எமர்ஜென்சி விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது. காற்றை அனுப்பிக்கொண்டிருந்த மெஷின் மூச்சை விட்டு நின்றது. அதன் சத்தம் போன பிறகுதான் அந்த அறை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

மானஸா தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்குப் பழகிடுச்சு மேடம்," என்றாள்.

"எது?"

"இந்த மாதிரி ரூமு. இந்த மியூசியம்தான் எனக்கு விசா. கிரீன் கார்டுக்கும் இவங்கதான் ஸ்பான்சர். பாதியில நிக்குது. நடுவுல வேலை மாறினா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு வக்கீல் சொல்றாரு. அச்சுதன் சார் என்ன சொன்னாலும் சரி சார், சரி சார்னு இருந்தேன். என் ஹஸ்பண்ட் வெங்கடகிருஷ்ணனுக்குப் போன வருஷம் லே-ஆப். இப்ப அவரும் என் விசாலதான் தொங்கறாரு. எம்பேர்ல ஒரு போலீஸ் கேஸ் வந்தா வேலை போயிடும். வேலை போனா ரெண்டு பேரும் பெட்டி கட்டணும். அதுவும் திருடின்னு பேரோட."

அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

நஞ்சுண்டன் மார்ஷ்மெல்லோவை நீட்டினான். அவள் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

"நீங்க சாப்பிடுவீங்களா? அப்பாடா. நம்ம ஜாதி."

மானஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எல்லாம் சாப்பிடுவேன். சார்தான் பாவம். எறால் சிப்ஸ் வாசனை வந்தாலே ரூமை விட்டுப் போயிடுவார்."

"எலும்பு மியூசியத்துல எப்படி வேலை பாக்கறாரு?" என்றாள் தஸ்னீம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ரெண்டு கிளவுஸ் போட்டுப்பாரு. ஒண்ணு மேல ஒண்ணு. சாயந்திரம் டெட்டால் போட்டுக் கை கழுவுவாரு. வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டுத்தான் சாப்பாடாம்."

"நாக்குல வச்சு டெஸ்ட் பண்றது?"

"அது நெஜம் மேடம். தோண்டற எடத்துல செய்வாங்க. இந்த மாதிரி ரூம்ல நாங்க யாரும் செய்யறது இல்ல. சார் செஞ்சேன்னு சொன்னப்ப எனக்கே..." மானஸா நிறுத்தினாள். கண்கள் மெதுவாகப் பெரிதாயின.

தஸ்னீம் அவள் எதிரே குனிந்து உட்கார்ந்தாள்.

"நானும் கடையில நின்னு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறவதான். தயிர்ல ஜெலட்டின் இருக்கா, பிஸ்கட்ல இருக்கா, பிள்ளைங்க மருந்துல இருக்கா. வருஷக்கணக்கா அப்படிப் படிச்சவங்க நாக்கு தானாப் பின்னால போகும் மானஸா. யோசிக்கவே வேண்டாம். பேப்பர் கப்புல உதடு படாம காபி குடிக்கிற மனுஷன், மிட்டாய்ல எலும்பு இருக்குன்னு தொடாத மனுஷன், செத்த மிருகத்தோட எலும்பை எடுத்து நாக்குல வச்சேன்னு சொல்றார்."

"பொய்," என்றான் நஞ்சுண்டன்.

"ஏன் பொய் சொல்லணும்? வெள்ளிக்கிழமை ஒரிஜினல் இருந்ததுன்னு எல்லாரும் நம்பணும். அப்பத்தான் பழி சனிக்கிழமை மேல விழும். சனிக்கிழமை இருந்தது நீ மட்டும்தான்."

மானஸா சுவரில் சாய்ந்தாள். "ஆனா மேடம், இதைப் போலீஸ்ல சொன்னா நம்புவாங்களா? அவர் மார்ஷ்மெல்லோ சாப்பிடல, அதனால அவர்தான் திருடன்னா?"

"சிரிப்பாங்க," என்று தஸ்னீம் ஒப்புக்கொண்டாள். "பொருள் வேணும். அது எங்க இருக்குன்னு தெரியணும்."

குளிர் ஏறிக்கொண்டே வந்தது. மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. நஞ்சுண்டன் கைகளைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு தட்டுகளைச் சுற்றி வந்தான்.

"இது என்ன, கண்ணாடி இல்லாத கூலிங்கிளாஸா?"

"பனிக் கண்ணாடி. எலும்புல கீறல் மட்டும் விட்டிருப்பாங்க. வெயில் பனியில பட்டு அடிக்கிற கூச்சத்துல கண்ணு போயிடாம இருக்க."

"இந்தக் குச்சி?"

மானஸா எழுந்து வந்தாள். பொருள்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் வேறாக இருந்தது. "சீல், பனிக்கட்டிக்கு அடியில நீந்தும். மூச்சு விட மட்டும் ஒரு ஓட்டைக்கு வரும். வேட்டைக்காரர் அந்த ஓட்டையில இந்தக் குச்சியை நட்டுட்டு உக்காந்திருப்பாரு. சீல் வந்தா தண்ணி அசையும், குச்சி ஆடும். அது வரைக்கும் கை கால் அசைக்காம மணிக்கணக்கா உக்காரணும். சின்னதா ஒரு சத்தம் போட்டாலும் சீல் வேற ஓட்டைக்குப் போயிடும்."

"பாவம்," என்றான் நஞ்சுண்டன்.

"யாரு? சீலா, வேட்டைக்காரரா?"

"இப்ப நம்ம நெலமையில ரெண்டு பேரும்தான்."

அவன் கம்பளி போர்த்தியிருந்த ஒரு பெட்டியின் மேல் போய் உட்கார்ந்தான்.

"அய்யோ, எழுந்திருங்க! மூடி உடைஞ்சிடும். அது ஸ்கூல் பெட்டி."

"ஸ்கூல் பெட்டியா?" தஸ்னீம் திரும்பினாள்.

"பிள்ளைங்க தொட்டுப் பாக்கறதுக்கு. உள்ள எல்லாம் பிளாஸ்டிக் காப்பி. சார்தான் ஸ்கூல் ஸ்கூலா எடுத்துட்டுப் போவார். இன்னிக்கு ப்ளைட்ல ரவுண்ட் ராக் போறதா இருந்துது. டெக்சாஸ்ல ஏதோ ஸ்கூலாம். நியூவர்க் ஏர்போர்ட்டை மூடிட்டாங்க."

தஸ்னீம் கம்பளியை விலக்கினாள். பெட்டியின் மூடி கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. பக்கவாட்டில் ஒரு சின்னப் பூட்டு. உள்ளே நீலப் பஞ்சில் குழிகள் வெட்டி, ஒவ்வொரு குழியிலும் ஒரு பொருள். ஊசி. ஈட்டி முனை. பனிக் கண்ணாடி. நடுவில் விரல் குழிகளோடு தோல் சுரண்டி.

அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நஞ்சுண்டனுக்கு அந்த முதுகைத் தெரியும். அவன் வாயில் இருந்த மார்ஷ்மெல்லோவை மெல்லாமல் நிறுத்தினான்.

"மானஸா, ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை காப்பி பண்ணீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஊர்க்காரங்க போட்ட கண்டிஷன். ஒண்ணு எடுத்ததும் அச்சை உடைச்சிடணும்னாங்க. நானே சுத்தியலால உடைச்சேன்."

"அந்த ஒரே காப்பி இப்ப எங்க இருக்கு?"

"ட்ரேல. ஒரிஜினல் இருக்க வேண்டிய எடத்..."

மானஸா பாதியில் நின்றாள்.

"அப்படீன்னா இந்தப் பெட்டியில அந்தக் குழி காலியா இருக்கணும் இல்ல?" என்றாள் தஸ்னீம் மெதுவாக.

குழி காலியாக இல்லை.

"டெஸ்டரா இருந்தப்ப இப்படி ஒரு தப்பு கண்டுபிடிச்சிருந்தா எனக்கு வேலையே போயிருக்காது," என்றான் நஞ்சுண்டன். "போலிங்க நடுவுல அசலை வச்சிருக்காரு. காணாமப் போன பொருளை எல்லாரும் எங்கெங்கேயோ தேடுவாங்க. பொம்மைப் பெட்டியில யாரு தேடுவா?"

மானஸா சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கினாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். தஸ்னீம் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்க மேடம்! கண்ணு முன்னாடி இருக்கு! என் வாழ்க்கையே அதுக்குள்ள இருக்கு!"

"அதனாலதான் தொடக் கூடாது! யோசிச்சுப் பாரு. பூட்டின ரூமு. உள்ள நாம மூணு பேர். கதவைத் திறந்தா பெட்டி உடைஞ்சிருக்கு, அசல் உன் கையில இருக்கு. போலீஸ் யாரை நம்பும்? இதை விட நல்ல சாட்சி அச்சுதனுக்குக் கிடைக்காது."

மானஸாவின் பார்வை பெட்டியின் பூட்டுக்குப் போனது.

"அந்தப் பூட்டோட சாவி யார்கிட்ட?"

"சார்கிட்ட மட்டும்தான்."

"அப்ப பூட்டு பூட்டாவே இருக்கட்டும். அதுதான் நம்ம சாட்சி. அவரே திறக்கணும்."

"திறக்காம டெக்சாஸுக்கு எடுத்துட்டுப் போயிட்டா?"

தஸ்னீம் தட்டில் இருந்த அந்த மெல்லிய எலும்புக் குச்சியைக் கண்ணால் காட்டினாள்.

மானஸா சிலிண்டரைக் கீழே வைத்தாள். மறுபடியும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தஸ்னீம் கம்பளியைப் பழையபடி போர்த்தினாள். மஞ்சள் விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் தன் விடுதலை பூட்டிக்கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று மானஸாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நஞ்சுண்டன்கூட ஜோக் அடிக்கவில்லை.

அப்புறம் எங்கேயோ மேலே ஒரு கதவு இழுபட்டது. படிகளில் கனமான பூட்ஸ் சத்தம்.

"குச்சி ஆடுது பாஸ்," என்றான் நஞ்சுண்டன் ரகசியமாக.

*

டார்ச் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அச்சுதனுக்குப் பின்னால் பனி ஒட்டிய பூட்ஸோடு டவுன்ஷிப் போலீஸ்காரர் ஒருவர். அவருக்கும் பின்னால் குள்ளமான ஒரு பெண். கோட்டின் பொத்தானைக்கூடப் போடவில்லை.

"இந்த அம்மா ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தார். வண்டியில் ஏற்றிக்கொண்டேன்," என்றார் போலீஸ்காரர் நம்ப முடியாத குரலில்.

"லீயா," என்று அந்தப் பெண் தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். எலும்புக் கருவிகளை வாங்கிப் போக வடக்கிலிருந்து வந்தவள். "மோட்டல் டிவியில் புயல், புயல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவே இல்லை. சரி, நடந்துவிடலாம் என்று கிளம்பினேன்."

அச்சுதன் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். வெள்ளிக்கிழமை, நாக்கு, ஒட்டியது, சனிக்கிழமை, மானஸா. போலீஸ்காரர் மானஸாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆபீசர், அந்த டெஸ்ட்டை ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள்," என்றாள் தஸ்னீம். "எனக்குப் புரியவில்லை."

அச்சுதனுக்கு அது பிடித்திருந்தது. ட்ரேயில் இருந்த சுரண்டியை எடுத்தார். கைக்குட்டையால் இரண்டு தடவை துடைத்தார். கண்ணை மூடி, நாக்கு நுனியில் ஒரு தொடு தொட்டு எடுத்தார்.

"பார்த்தீர்களா? ஒட்டவில்லை. பிளாஸ்டிக். வெள்ளிக்கிழமை ஒட்டியது."

போலீஸ்காரர் தலையாட்டினார். மானஸாவின் பக்கம் ஒரு அடி வைத்தார். மானஸா தஸ்னீமைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததெல்லாம் ஒரே கேள்விதான்.

அச்சுதன் குனிந்து ஸ்கூல் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். "இதை நான் மேலே கொண்டு போகிறேன். நாளைக்கு ப்ளைட் இருந்தால்..."

"அங்கிள்," என்றாள் தஸ்னீம். முதல் தடவையாக அவரை அப்படிக் கூப்பிட்டாள். "அதுல இருக்கறதும் பிளாஸ்டிக்தானே?"

"ஆமாம்மா. பசங்க வெளையாடறது."

"கொஞ்சம் திறங்க. லீயா மேடமும் பாக்கட்டும்."

அச்சுதன் யோசித்தார். போலீஸ்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்தால் அசிங்கம். திறந்தால் என்ன, பார்த்தா தெரியப் போகிறது? இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

தஸ்னீம் ஒரு டிஷ்யூ பேப்பரால் நடுவில் இருந்த சுரண்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இப்பப் பண்ணீங்களே, அதே டெஸ்ட்."

"எதுக்கு?"

"சும்மாதான். பிளாஸ்டிக்தானே."



"பசங்க தொட்டது. அழுக்கு," என்றார் அச்சுதன்.

"தொடச்சுத் தரேன் அங்கிள்," என்று நஞ்சுண்டன் தன் மப்ளரை நீட்டினான். "மொதல்ல வச்சதும் பசங்க தொட்டதுதானே? அது ஒரே ஒரு காப்பி. இந்தப் பெட்டியில இருந்ததுதான்."

அச்சுதனின் நெற்றியில், அந்தக் குளிரிலும், வேர்வை பூத்தது. கையை உயர்த்தினார். சுரண்டி வாயருகே வந்தது. ஒரு விரல் இடைவெளியில் நின்றது. வைத்தால் ஒட்டும். வைக்காவிட்டால் பொய் உடையும். அவருக்கு அது தெரிந்தது. மறுபடி முயன்றார். உதடு தானாக இறுகியது. மூக்கு சுருங்கியது. ஓங்கரிப்பு வந்து கையை இறக்கிவிட்டார்.

போலீஸ்காரருக்குத் தமிழும் தெரியாது, ஜெலட்டினும் தெரியாது. ஆனால் முகம் தெரியும்.

"சார், அந்த பிளாஸ்டிக்கை நக்கினீர்கள். இந்தப் பிளாஸ்டிக்கை ஏன் முடியவில்லை?"



லீயா முன்னால் வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. அவர் கையிலிருந்து சுரண்டியை எடுத்தாள். குழந்தைக்குக் கொடுக்கும் பாலின் சூட்டைப் பார்ப்பது போல நாக்கு நுனியில் வைத்தாள். எடுக்கும்போது அது விடவில்லை. நாக்கைச் சின்னதாக இழுத்து, பிறகுதான் விட்டது.

"எலும்பு," என்றாள்.

போலீஸ்காரர் அச்சுதனின் முழங்கையைப் பிடித்தார். மானஸாவுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றிருந்தவர், இப்போது அச்சுதனுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றார்.

"டெக்சாஸ்ல ஒருத்தர் கேட்டாரு," என்றார் அச்சுதன் தமிழில், யாரையும் பார்க்காமல். "காட்டறதுக்குத்தான் எடுத்துட்டுப் போறதா இருந்தேன்."

"காட்டறதுக்கு, பொண்ணு மேல கேஸ் போடணுமா அங்கிள்?" என்றான் நஞ்சுண்டன். அதில் ஜோக் இல்லை.

லீயா அவர்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. சுரண்டியை வலது கையில் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் குழிகளில் உட்காரவில்லை. கையை மாற்றினாள். கட்டை விரல் வழுக்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. உரக்கச் சிரித்துவிட்டாள்.

"இடது கைக்காரி! எழுநூறு வருஷம் யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லை. என் கைக்குக் கொஞ்சம் சின்னது. நீ பிடித்துப் பார்."

மானஸாவிடம் நீட்டினாள்.

மானஸா வழக்கம்போல வலது கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள். கையை இறக்கிவிட்டு, இடது கையால் வாங்கினாள். ஐந்து விரலும் அளவெடுத்தது போலப் பொருந்தின.

வாசலில் போலீஸ்காரரின் பிடியில் நின்றிருந்த அச்சுதன், பழக்க தோஷத்தில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.